இயற்கையும் மாணாக்கர் மனப்பாங்கும்: நிந்தவூர்க் கரையை முன்வைத்த ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் இயற்கையோடு கொண்ட உறவு எத்தகையது என்னும் வினா மிகப் பழையது. நிலத்தை ஐந்தாக வகுத்து, அவ்வந்நிலத்துக்குரிய பொழுதையும் புள்ளையும் பூவையும் தொழிலையும் ஒழுக்கத்தையும் ஒருங்குவைத்து எண்ணிய தமிழ் மரபு, அவ்வினாவுக்குத் தன் வழியில் விடை கண்டது. ஆயின், பள்ளிச் சிறுவர் இயற்கையை எவ்வாறு நோக்குகின்றனர் என வினவி, அந்நோக்கினை எண்ணாற் குறித்து அளக்க முற்படுவது அண்மைக்காலத்து முயற்சியாகும். மேனாட்டில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்துவந்த இம்முயற்சி, இன்று அச்சிட்ட வினாக்கொத்தின் வடிவில் ஈழநாட்டுப் பாடசாலைகளையும் எட்டியுள்ளது.

இவ்வினாக்கொத்தினால் விளைவது சிறிதன்று. அதில் திரண்ட புள்ளிகளைக் கொண்டு ஒரு பிரதேசத்துப் பிள்ளைகள் இயற்கையிடத்து அன்புடையர் என்றோ அன்பிலர் என்றோ தீர்ப்புக் கூறப்படலாம். அத்தீர்ப்பின் வழியே பாடவிதானமும் வகுக்கப்படலாம். ஆதலின், அளக்கும் கருவி எங்கே பிறந்தது, எதனைக் கருதிப் பிறந்தது, நம் பிள்ளைகளிடத்து அது உண்மையில் எதனை அளக்கின்றது என்பவற்றை ஆராய்தல் வேண்டும். இக்கட்டுரை அவ்வாராய்ச்சியை ஈழத்துக் கீழைக்கரையிலுள்ள நிந்தவூரை முன்வைத்து நிகழ்த்துகின்றது. பாடசாலை கற்பித்த சொற்களைப் பிள்ளை திருப்பிக் கூறுவது ஒன்று. வீட்டிலும் வயலிலும் கடற்கரையிலும் அப்பிள்ளை பெற்ற மனப்பாங்கு வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத அளவை பிழைபடும் என்பதே இங்கு நிறுவப்படுவது.

நிலமும் வழக்கும்

கல்முனைக்குத் தெற்கே, வடக்கிற் காரைதீவும் தெற்கிற் களியோடை ஆற்றுக்கப்பால் ஒலுவிலும் எல்லையாக அமைந்த ஊர் நிந்தவூர். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூருக்குக் கிழக்கே கடல். மேற்கே பரந்த நெல்வயல். நெய்தலும் மருதமும் தம்முள் தோள்தொட்டு நிற்கும் நிலம் இதுவெனலாம். உழவும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் மக்கள் தொழில்களாக வழிவழி வந்துள்ளன. 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. அதுவரை இக்கரை மட்டக்களப்புப் பிரதேசத்தின் ஒரு கூறாகவே எண்ணப்பட்டது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல், இப்பிரதேசத்து மக்களின் வாழ்வையும் வழக்கையும் விரித்துரைப்பது.

இங்கு வயற்பரப்பினை ‘வட்டை’ என்பர். நீர்ப்பாய்ச்சலையும் வேலியடைப்பையும் கண்காணிப்பவர் ‘வட்டை விதானை’. பெருநிலம் உடையவர் ‘போடியார்’. நெற்கதிரை மிதித்து மணி பிரிக்கும் இடம் ‘களவெட்டி’. அங்கே திரண்ட நெல்லை நெல் என்று கூறாது ‘பொலி’ என்றே வழங்குவர். களத்தில் மட்டும் வழங்கும் இத்தகைய சொற்கள் பல. விளைச்சலை வெறும் பண்டமாகக் கருதாது, அடக்கத்தோடும் அச்சத்தோடும் அணுகிய ஒரு மனப்பாங்கினை இவ்வழக்குக் காட்டுகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றிய வழக்கு இது.

கடற்புறத்தில் கரைவலை இழுப்போர் நீரின் நிறமாற்றங் கண்டு மீன்கூட்டத்தின் வரவை உணர்வர். கச்சான் வீசுங் காலம் எது, வாடை தொடங்குங் காலம் எது என்பன அவர்க்குப் பஞ்சாங்கம் பாராமலே புலப்படும். இத்தகைய வீட்டிற் பிறந்த பிள்ளை, எழுத்தறியு முன்னரே காற்றையும் நீரையும் அறிகின்றது. ஆனால் ‘இயற்கை’ என்னும் சொல்லை அப்பிள்ளை வீட்டிற் கேட்பது அரிது. மழை, காற்று, கடல், வயல், காடு எனத் தனித்தனியே அறிந்தவற்றையெல்லாம் ‘இயற்கை’ என ஒன்றாக்கிக் கூறும் வழக்கினைப் பாடசாலையே அதற்குக் கற்பிக்கின்றது. அளவையின் முதல் இடர்ப்பாடு இங்கேயே தோன்றுகின்றது.

அளவையின் பிறப்பு

இனி, அளவையின் வரலாற்றை நோக்குவாம். 1870ஆம் ஆண்டையொட்டிப் பேர்லின் நகரத்து ஆசிரியர் கழகமொன்று, பாடசாலையிற் புதிதாகச் சேரும் பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்த பொருள்களில் எவற்றை அறிந்துள்ளனர் என வினவி அறிய முற்பட்டது. அதனைப் பின்பற்றிய அமெரிக்க உளவியலறிஞர் ஸ்ரான்லி ஹோல், வினாக்களைத் தம் நாட்டுப் பிள்ளைகட்கு ஏற்ப மாற்றியமைத்துப் பொஸ்ரன் நகரத்திற் பரீட்சித்து, முடிவுகளை 1883இல் வெளியிட்டார். அந்நகரப் பிள்ளைகளுள் தேன்கூட்டை அறியாதோர் நூற்றுக்கு 80 பேர். காகத்தை அறியாதோர் 77 பேர். பசுவை அறியாதோர் 18.5 வீதத்தினர். நகரம் பெருகப் பெருகப் பிள்ளைகள் நிலத்தினின்று விலகுகின்றனர் என்னும் கவலைக்கு இவ்வெண்கள் சான்றாயின.

அக்கவலையின் விளைவாக எழுந்ததே ‘இயற்கைப் பாட’ இயக்கம். 1890களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து லிபேட்டி ஹைட் பெய்லி இதனை வளர்த்தார். அன்னா பொற்ஸ்போட் கொம்ஸ்ரொக் 1911இல் ஆசிரியர்க்கெனப் பெருங் கைந்நூலொன்றை வெளியிட்டார். பிள்ளையைச் சிறு விஞ்ஞானியாக்குவதினும், தன்னைச் சூழ்ந்த உயிர்களிடத்துப் பரிவுடையதாக்குவதே இவ்வியக்கத்தின் நோக்கமாயிருந்தது. இவ்வாறு, அறிவை வினவுவதிற் றொடங்கிய முயற்சி, பரிவை வளர்ப்பதாக மாறிற்று. ஆனால் பரிவை எவ்வாறு அளப்பது?

இவ்வினாவுக்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1928இல் லூயிஸ் தேர்ஸ்ரன் என்னும் அறிஞர், மனப்பாங்கினை அளத்தல் இயலும் என்று வாதிட்டுக் கட்டுரை வரைந்தார். 1932இல் றென்சிஸ் லைக்கேட் அதனை எளிமையாக்கினார். ஒரு கூற்றினைத் தந்து, முற்றாக உடன்படுதல் முதல் முற்றாக மறுத்தல் ஈறாக ஐந்து படிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யப் பணித்து, படிகட்கு எண்ணிட்டுக் கூட்டுவதே அவர் கண்ட முறை. இன்று உலகெங்கும் பாடசாலைகளில் வழங்கும் மனப்பாங்கு வினாக்கொத்துக்களிற் பெரும்பாலானவை இம்முறையின் வழித்தோன்றல்களே.

இம்முறை பிறந்து ஈராண்டு கழியுமுன்னரே அதன் குறை ஒன்றும் வெளிப்பட்டது. றிச்சட் லாப்பியர் என்னும் சமூகவியலறிஞர், சீனத் தம்பதியர் ஒருவரோடு அமெரிக்கா முழுவதும் பயணஞ்செய்து, இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் தங்கியும் உண்டும் வந்தார். ஓரிடத்தில் மட்டுமே அவர்கட்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னர் அவ்விடங்களுக்கெல்லாம் கடிதம் விடுத்துச் சீனரை ஏற்பீர்களோ என வினவியபோது, மறுமொழி அளித்தோருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கமாட்டோம் என்றனர். 1934இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, தாளில் எழுதும் விடை வேறு, வாசலில் நின்று செய்யும் செயல் வேறு என்பதைத் தெளிவாக்கிற்று. அங்கே சொல் கடிதாகவும் செயல் இனிதாகவும் இருந்தன. இயற்கையைப் பற்றிய வினாக்களிலோ இது பெரும்பாலும் தலைகீழாக நிகழ்கின்றது. சொல் இனிதாக இருக்கச் செயல் பின்தங்குகின்றது. 1973இல் மலோனி, வார்ட் என்போர் சுற்றாடல் பற்றிய மனப்பாங்கினை அளக்கும் அளவுகோலொன்றை வெளியிட்டபோதும், சொல்லாற் காட்டும் ஆர்வத்துக்கும் செயலுக்கும் அறிவுக்கும் இடையே பெரும் இடைவெளி இருத்தலைக் கண்டனர்.

1977 ஒக்ரோபர் மாதம் யுனெஸ்கோ நிறுவனம் ஜோர்ஜியா நாட்டின் ரிபிலிசி நகரத்திற் கூட்டிய மாநாடு, சுற்றாடற் கல்வியின் குறிக்கோள்களை விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்தாக வகுத்தது. அதன்பின் மனப்பாங்கினை அளத்தல் கல்வித் துறையினரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1978இல் டன்லப், வான் லியர் என்போர் அமைத்த அளவுகோல் 2000இல் திருத்தப்பெற்றது. அதன் வழியாகச் சிறுவர்க்கெனப் பத்துக் கூற்றுக்கள் கொண்ட வடிவமொன்று 2007இல் வெளிவந்தது. ஸ்ரீபன் கெலேட் என்பவரோ, விலங்குகளிடத்து மக்கள் கொள்ளும் மனப்பாங்கினைப் பயன்நோக்கு, அன்புநோக்கு, அறநோக்கு, அறிவுநோக்கு, வெறுப்புநோக்கு முதலாகப் பலவாகப் பகுத்து, அமெரிக்கச் சிறுவர் வயதுக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமாற்றை 1980களில் ஆராய்ந்தார். இளஞ்சிறாரிடம் உணர்ச்சியும், பின்னர் அறிவும், அதன்பின்னரே அறவுணர்வும் வளர்வதை அவர் கண்டார்.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை ஊன்றி நோக்கத்தக்கது. ஹோல் பேர்லினிலிருந்து வினாக்களை அப்படியே எடுத்தாளவில்லை. தம் ஊர்ப் பிள்ளைகள் காணும் பொருள்களையே வினவினார். பின்வந்த அளவுகோல்களோ, எங்கும் பொருந்துவனவாதல் வேண்டும் என்னும் விருப்பினால், ஊரை நீக்கிப் பொதுமையை நாடின. ‘காகத்தை அறிவாயோ’ என்னும் வினா மறைந்து, ‘மனிதர் இயற்கையைக் கெடுக்கின்றனரோ’ என்னும் வினா எழுந்தது. முன்னையதற்கு விடையிறுக்கக் கண் வேண்டும். பின்னையதற்குப் பாடநூல் போதும்.

ஈழத்துப் பாடசாலையில் இயற்கை

ஈழத்துப் பாடசாலைகளிலும் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் பாடசாலைத் தோட்டங்களை ஊக்குவித்தது. விதையும் கருவியும் வழங்கி, சிறந்த தோட்டத்துக்குப் பரிசும் அளித்து, பிள்ளைகளின் கைகளை மண்ணோடு பழக்க முயன்றனர். கல்வி அமைச்சராக 1931 முதல் 1947 வரை விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் காலத்தில், 1930களில், கிராமக் கல்வித் திட்டம் என்னும் பரிசோதனை நிகழ்ந்தது. கிராமத்தின் தொழிலும் சுகாதாரமும் சூழலுமே பாடத்துக்கு அடிப்படையாதல் வேண்டும் என்பது அதன் கொள்கை.

கொள்கை சிறந்ததாயினும் பெற்றோர் பலர் அதனை ஐயுற்றனர். ஆங்கிலப் பாடசாலையின் வழியே உத்தியோகம் கிடைக்க, தம் பிள்ளைகளுக்கு மட்டும் மண்வெட்டி ஏன் என அவர்கள் வினவியது இயல்பே. இவ்வையத்தில் மனப்பாங்கு பற்றிய பேருண்மை ஒன்று அடங்கியுள்ளது. உழவன் மண்ணை வெறுத்தானல்லன். மண்ணோடு தன் பிள்ளை சிறையாவதையே வெறுத்தான். அன்று ஒரு வினாக்கொத்தினை அவனிடம் நீட்டியிருப்பின், மண் தொழிலில் விருப்பமிலன் என்றே அது அவனைக் குறித்திருக்கும்.

கீழைக்கரையின் வரலாற்றில் 1942ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்ற போர்க்காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்குதற்பொருட்டுக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிமாக விளங்கிய அவர், காடு வெட்டிக் கழனி திருத்தும் பணியை ஊக்கினார். அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். வறிய மாணாக்கர்க்கு உதவிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் அதனின்று வளர்ந்ததே. பசித்த ஊருக்குச் சோறளித்தலும் படிக்க வகையற்ற பிள்ளைக்குக் கல்வியளித்தலும் அவருக்கு ஒரே அறத்தின் இரு கூறுகளாயின. அக்காலத்திற் காட்டை வெட்டியவன் ஊரைக் காத்தவன் எனப் போற்றப்பட்டான். இன்றைய அளவுகோலில் அதே செயல் இயற்கைக்கு மாறான மனப்பாங்காகக் குறிக்கப்படும். மனப்பாங்குக்கு வரலாறு உண்டு; பசியின் ஆண்டில் ஒன்றாகவும் நிறைவின் ஆண்டில் வேறொன்றாகவும் அது தோன்றும்.

1949இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை இங்கினியாகலையில் அணைகட்டிச் சேனநாயக்க சமுத்திரத்தைத் தேக்கிற்று. பெருங்காடு நீர்த்தேக்கமும் கழனியும் குடியேற்றமும் ஆயிற்று. அந்நீர்த்தேக்கத்துக்கு நீர்தரும் காட்டைக் காத்தற்பொருட்டு 1954இல் கல்லோயா தேசிய வனம் அமைக்கப்பட்டது. காட்டை அழித்த திட்டமே காட்டைக் காக்கவும் வேண்டியதாயிற்று. நிந்தவூர் முதலாய கரையோர ஊர்களின் பிள்ளைகள் இவ்விரண்டின் பயனையும் இடரையும் ஒருங்கே பெற்றவர்களின் வழிவந்தோராவர்.

சுதந்திரத்தின் பின் எழுந்த கல்விச் சீர்திருத்தங்களுள் 1972இன் சீர்திருத்தம் ஈண்டுக் கருதத்தக்கது. ஊரின் தொழிலைப் பாடசாலைக்குட் கொணருமாறு தொழில் முன்னிலைக் கல்வியை அது புகுத்திற்று. நெற்செய்கையும் மீன்பிடியும் பாடமாயின. ஆயினும் ஒரு பதின்மவாண்டு நிறைவதற்குள் அரசியல் மாற்றத்தோடு அஃது கைவிடப்பட்டது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. அதன் முயற்சியாற் பாடசாலைகளிற் சுற்றாடல் முன்னோடி அணிகள் அமைந்து, ஊக்கமுடைய மாணாக்கர்க்குச் சின்னங்களும் பதக்கங்களும் வழங்கப்படலாயின. 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம், ஆரம்பப் பிரிவிலே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்பதை ஒரு பாடமாக்கிற்று.

இவ்வளர்ச்சிகள் போற்றத்தக்கன. எனினும், தோட்டத்திற் கையாற் கற்றது, நூலிற் சொல்லாற் கற்பதாகவும், பின்னர்ப் புள்ளிக்கும் பதக்கத்துக்கும் உரியதாகவும் படிப்படியே மாறியமையும் கண்கூடு. புள்ளி பெறுவதற்குரிய விடை எதுவென அறிந்த பிள்ளையிடம் மனப்பாங்கு வினாக்கொத்தினை நீட்டும்போது, அதனையும் பரீட்சைத்தாளாகவே அப்பிள்ளை கருதும். பெயர் எழுத வேண்டாம் என ஆசிரியர் கூறினும், சரியான விடை எது என்றே அதன் மனம் தேடும்.

யானையும் கடலும்

இனி இவ்வளவை நிந்தவூர்ப் பிள்ளையிடம் எவ்வாறு பொருந்தும் எனக் காண்போம். விலங்குக்கும் மனிதர்க்கு நிகரான வாழ்வுரிமை உண்டு என்னும் கருத்தினைத் தந்து உடன்பாடு வினவினால், வயலில் யானை புகுந்து ஒரு போகத்து விளைச்சலை இழந்த வீட்டுப் பிள்ளை தயங்குதல் கூடும். கடைத்தெருவில் வாழும் பிள்ளையோ தயங்காது உடன்படும். முன்னையதற்குக் குறைந்த புள்ளி. பின்னையதற்கு நிறைந்த புள்ளி. ஆனால் யானையை அறிந்த பிள்ளை எது?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு என்னும் இடத்தில், அண்டைக் கிராமங்களின் குப்பை கொட்டப்படும் நிலத்திற் பிளாத்திக்கையும் பொலித்தீனையும் உணவோடு விழுங்கி எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்பது 2022இன் தொடக்கத்தில் உலகச் செய்தியாயிற்று. யானையைத் துரத்தும் உழவன் அதனைக் கொல்லாது விடினும், யானையை அன்போடு படம் வரையும் வீட்டிலிருந்து சென்ற பை அதனைக் கொல்கின்றது. முன்னர்க் கூறிய லாப்பியரின் படிப்பினை இங்கே குப்பை மேட்டில் மெய்ப்படுகின்றது. அன்புநோக்கினை மட்டும் அளந்து, வீட்டுக் குப்பை எங்கே செல்கின்றது என வினவாத அளவை, பாதி அளவையே.

கடலின் நிலையும் இத்தகையதே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நாட்டில் மிகுதியான உயிரிழப்புக்கண்ட மாவட்டம் இதுவே. கல்முனை முதல் தெற்கே நீண்ட கரையோர ஊர்கள் பேரழிவுற்றன. அதன்பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குட் குடியிருத்தலாகாது என முதலில் வகுக்கப்பட்ட விதி, தலைமுறைகளாகக் கடலை வாயிலாகக் கொண்டோரைக் கலங்கச் செய்தது. அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. கடலிடத்துக் கரையோர மக்கள் கொண்ட உறவில் அச்சமும் நன்றியும் பிரிக்கவொண்ணாது கலந்துள்ளன. கடலை அஞ்சுகின்றேன் என்று கூறும் பிள்ளையை வெறுப்புநோக்குடையது எனக் குறித்தல் அறியாமையாகும். அஞ்சியவாறே நாடோறும் கடலுக்குச் செல்லும் தந்தையை உடைய பிள்ளை அது.

ஆழிப்பேரலையின் பின் கரை வேறொரு பாடத்தையும் கற்பித்தது. ஒலுவிலில் 2008இல் கட்டத் தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணலின் ஓட்டத்தைத் தடுத்தன. ஒருபுறம் துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. மறுபுறம் ஒலுவிலிலும் அதன் வடக்கே நிந்தவூர்ப் பக்கத்திலும் கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுக்கும் இடம் சுருங்கிற்று. இயற்கையின் சமநிலை எளிதிற் குலையுமோ என்னும் பொதுவினாவுக்கு வேறு நாட்டுப் பிள்ளை நூலை நினைந்து விடையிறுக்கும். இக்கரைப் பிள்ளை தென்னையை நினைந்து விடையிறுக்கும். இருவரும் ஒரே கட்டத்திற் குறியிட்டாலும், இரு விடைகளும் ஒன்றல்ல.

சொல்லும் பொருளும்

மேலும் நுணுகி நோக்கின், மொழியே அளவையைக் குலைப்பதைக் காணலாம். மனிதன் ஏனைய உயிர்களை ஆளுதற்குரியன் என்னும் கருத்து, மேனாட்டு அளவுகோல்களில் இயற்கைக்கு எதிரான கூற்றாகக் கணிக்கப்படும். தமிழிலோ ‘ஆளுதல்’ என்பது அடக்குதலை மட்டும் குறிப்பதன்று. பேணுதல், பொறுப்பேற்று நடத்துதல் என்னும் பொருளும் அதற்குண்டு. முஸ்லிம் பிள்ளை குர்ஆன் மத்ரஸாவிற் கற்பதோ, மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதியாக, அவன் ஒப்படைத்த அமானிதத்துக்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டவன் என்பதாகும். நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்பினும் அது நட்டவனுக்குத் தருமமாகும் என்னும் கருத்தும் அங்கே கற்பிக்கப்படுகின்றது. இப்பிள்ளை அக்கூற்றுக்கு உடன்பட்டால், அது பொறுப்பினை ஏற்றதாகும். அளவுகோலோ அதனை ஆணவமாக எண்ணிப் புள்ளியைக் குறைக்கும்.

எதிர்மறைக் கூற்றுக்களில் இடர் இன்னும் பெரிது. ‘காட்டைக் காக்க வேண்டியதில்லை’ என்னும் கூற்றுக்குத் தமிழ்ப் பிள்ளை ‘இல்லை’ எனக் கூறின், அதனை உடன்பாடு எனக் கொள்வதா, மறுப்பு எனக் கொள்வதா? வேண்டியதில்லை என்பதை வழிமொழிந்தும் ‘இல்லை’ என்பர். கூற்றினை மறுத்தும் ‘இல்லை’ என்பர். பேச்சில் ஓசையால் விளங்கும் இவ்வேறுபாடு அச்சிட்ட தாளில் மறைகின்றது. ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லும் அவ்வாறே. போரினூடு பல்லாண்டு வாழ்ந்து, 2009 வரை சோதனைச் சாவடிகளைக் கடந்து சென்ற மக்களிடையே அச்சொல் முதலில் நினைவூட்டியது மரத்தையன்று, படையினரையே.

நிந்தவூருக்கு வடக்கே அடுத்துள்ள காரைதீவில் 1892இற் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞான ஆசிரியராகத் தொடங்கி, தமிழ்ப் பேராசிரியராக உயர்ந்த அடிகளார், 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். விஞ்ஞானம் தமிழர்க்கு உரியதாதல் வேண்டுமாயின் அதன் சொல் தமிழ் வேரிலிருந்து முளைத்தல் வேண்டும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. விஞ்ஞானச் சொல்லுக்கு வேண்டியதாகிய இவ்விதி, பிள்ளையின் உள்ளத்தை வினவும் சொல்லுக்குப் பன்மடங்கு வேண்டியதாம்.

அளவை செல்ல வேண்டிய வழி

இதுகாறும் கூறியவற்றால், மனப்பாங்கினை அளத்தலே கூடாது என்பது பெறப்படாது. அளவாது ஊகித்தல் அதனினும் பெரும்பிழை. நகரத்துப் பிள்ளையே இயற்கையை நேசிப்பது, உழவன் பிள்ளை அழிப்பது என்னும் எண்ணம் அளவையின்றியே பலர் உள்ளத்திற் குடிகொண்டுள்ளது. அதனைத் தகர்த்தற்கும் அளவையே வேண்டும். ஆனால் அவ்வளவை, ஹோல் செய்தவாறு, ஊரின் பொருள்களிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

நிந்தவூரில் அது வட்டையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் குப்பை மேட்டிலிருந்தும் தொடங்கலாம். களத்துச் சொற்களில் எத்தனையை இன்றைய பிள்ளை அறியும், காற்றுக்களின் பெயரும் காலமும் அறியுமோ, வாய்க்கால் நீர் எங்கிருந்து வருகின்றது என அறியுமோ என்பன அறிவை வினவுவன. யானை வயலிற் புகுந்தால் யாது செய்யத்தகும், கரையை அரிக்கும் துறைமுகத்தால் ஒருவர்க்கு வேலையும் மற்றொருவர்க்கு இழப்பும் வருமாயின் எவ்வாறு தீர்க்கத்தகும் என்பன மனப்பாங்கினை வினவுவன. இவற்றுக்கு ஒற்றைச் சரிவிடை இல்லையாதலால், பிள்ளை ஆசிரியரின் முகம்நோக்கி விடைதேட இடமிராது. வீட்டுக் குப்பை பிரிக்கப்படுகின்றதோ, பாடசாலை மரம் ஓராண்டின் பின்னும் உயிரோடுள்ளதோ என்பன செயலை நோக்குவன. சொல், உணர்வு, செயல் ஆகிய மூன்றையும் தனித்தனியே கண்டு, பின்னர் ஒப்பிடுதலே நேரிய முறையாகும்.

இதற்கு வேண்டிய வாய்ப்புக்கள் இக்கரையிலேயே உள. நிந்தவூரில் அல்-அஷ்ரக் தேசிய பாடசாலை முதலாய கல்விநிலையங்கள் உள. களியோடையைக் கடந்தால் ஒலுவிலில், 1990களின் நடுப்பகுதியிற் றோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உளது. வட்டை விதானையின் அறிவும் கரைவலைக்காரரின் அறிவும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரின் முறையும் ஒரே மேசையிற் கூடி வினாக்களை வகுக்குமாயின், உலகத்துக்கும் பயன்படும் அளவையொன்று இங்கே பிறத்தல் கூடும். அவ்வாறு அமைத்த வினாக்கள் வேறு ஊருக்கு அப்படியே பொருந்தா. அவ்வூரார் தமக்குரியவற்றைத் தாமே வகுத்தல் வேண்டும். பொருந்தாமை அவற்றின் குறையன்று.

ஒரு தலைமுறையின் பிள்ளைகளை இயற்கையில் அன்பிலர் எனத் தவறாகக் குறித்துவிட்டால், அவர்களுக்கு மேலும் சுவரொட்டிகளும் உறுதிமொழிகளும் வழங்கப்படும். அவர்களின் வயலிலும் கரையிலும் உள்ள உண்மையான இடர் தீராதே நிற்கும். இயற்கையை இழந்த பிள்ளைக்கும், இயற்கையால் இழந்த பிள்ளைக்கும் ஒரே மருந்து தரப்படும். மண்வெட்டியை ஐயுற்ற பெற்றோரையும், 1942இற் காடு வெட்டிய பசித்த உழவரையும், கடலை அஞ்சியவாறே வலையிழுப்போரையும் விளங்கிக்கொள்ளும் வரலாற்றறிவே, இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வினாத்தாள் நீட்டுவோர்க்கு முதலில் வேண்டற்பாலது. அவ்வறிவோடு வகுத்த வினாவே அப்பிள்ளைகளின் உள்ளத்தைத் தொடும் என்பது துணிபு.